வெள்ளைத் தாலிக்கு மஞ்சள் பூச்சு

தாலியைக் கொண்டுவந்தவர் கமலநாதன். கிள்ளானில் இராஜம்மாவின் நகைக்கடையில் சூப்பர்வைசர். லோகேஸ்வரியின் முலாம் பட்டறை பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடி. படியேறி வந்ததில் அவருக்கு மூச்சு வாங்கியது. சட்டைப்பையிலிருந்து சிவப்புத் தாள் பொட்டலம் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கையை உடனே எடுக்கவில்லை.

"இது கொஞ்சம் ரகசியமான வேலை லா, தங்கச்சி."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வராங்க. பிரிங்க."

உள்ளே ஒரு தாலி. வெள்ளை வெளேரென்று இருந்தது. லோகேஸ்வரி உள்ளங்கையில் போட்டு ஒருமுறை குலுக்கினாள். இந்த அளவுக்கு இந்தக் கனம் வெள்ளியில் வராது, வெள்ளைத் தங்கத்திலும் வராது.

"பிளாட்டினத்துல தாலியா?"

"ஆமா. இதுக்கு மேல மஞ்சள் ஏத்தணும். பார்த்தா அசல் தங்கம் மாதிரியே இருக்கணும்."

"தங்கத்துலயே செஞ்சிருக்கலாமே?"

"பொண்ணு ஒத்துக்கல. செட்டு முழுக்க பிளாட்டினம், தாலியும் பிளாட்டினம், இல்லன்னா கழுத்த நீட்ட மாட்டேன்னு சொல்லிருச்சு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க ஒரே ஆட்டம். வெள்ளையா இருந்தா வெள்ளி மாதிரி தெரியுமாம். வெள்ளி கால்ல போடுறது, கழுத்துல கட்டுவாங்களாங்கறாங்க. அதான் நடுவுல ஒரு வழி கண்டுபிடிச்சோம்."

"மாப்பிள்ளை யாரு?"

"ஒரு கஸ்டமர்."

"கஸ்டமர் தாலிக்கு சூப்பர்வைசரே கிள்ளான்லேருந்து கொமுட்டர் ரயிலு ஏறி வருவாரா?"

கமலநாதன் தலைக்கு மேலே சுற்றிய காற்றாடியைப் பார்த்தார். காற்றாடி உதவிக்கு வரவில்லை.

"நம்ம யுகேந்திரன் தம்பிதான்."

யுகேந்திரன் இராஜம்மாவின் ஒரே மகன். கடையில் பிளாட்டினம் பகுதியைத் தொடங்கியவன் அவன்தான். தெரு முழுக்க விளம்பரப் பலகை வைத்திருந்தான்.

லோகேஸ்வரி தாலியைப் பொட்டலத்தில் திரும்ப வைத்தாள்.

"செய்றேன்" என்றாள். கமலநாதன் முகம் மலர்ந்தது. "ஆனா உங்க மேடம் இங்க வரணும். அவங்க கழுத்துல தொங்குற தாலிய இந்த உரைகல்லுல நான் உரசிப் பார்ப்பேன். மகனும் மருமகளும் பக்கத்துல நிக்கணும். அதுக்கப்புறம்தான் இங்க முலாம் தொட்டி சூடாகும்."

"ஐயோ தங்கச்சி, அது பழைய கதை…"

"பழசுதான். ஷட்டரப் பாதி இறக்குனது நீங்கதானே அண்ணே? உங்களுக்குமா மறந்துபோச்சு?"

கமலநாதனுக்கு மறக்கவில்லை. பொட்டலத்தை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

நகைக்கடை வேலை என்றால் ஏசியில் நின்று சிரிப்பது என்று நினைக்கிறவர்கள் கடை மூடும் நேரத்தில் போய்ப் பார்க்க வேண்டும். கவுன்டரில் நிற்கும் பெண்கள் வரிசையாக நின்று பையைக் கொட்டிக் காட்டுவார்கள். கொண்டையை அவிழ்த்து உதறுவார்கள். செருப்பைக் கழற்றித் தட்டுவார்கள். பகல் முழுக்க 'அக்கா', 'மா' என்று கூப்பிட்ட முதலாளியம்மா அந்த நேரத்தில் பெயர்கூடச் சொல்ல மாட்டார். "அடுத்தது" என்பார். லோகேஸ்வரி அந்தக் கடையில் கல்யாண நகைக் கவுன்டரில் நின்ற காலத்தில் தினமும் நடந்தது இதுதான். அதையெல்லாம் அவள் பொறுத்துக்கொண்டாள். எல்லோருக்கும் நடப்பது என்று ஒரு சமாதானம்.

ஒரு சனிக்கிழமை, கடையில் கூட்டம் நெரிந்த நேரத்தில், தட்டிலிருந்து ஒரு தாலியைக் காணவில்லை. இராஜம்மா கமலநாதனிடம் ஷட்டரைப் பாதி இறக்கச் சொன்னார். வாங்க வந்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தபடியே வேடிக்கை பார்த்தார்கள். பைகளைக் கொட்டியாயிற்று, கொண்டைகளை அவிழ்த்தாயிற்று. கிடைக்கவில்லை. அப்போதுதான் இராஜம்மாவின் கண் லோகேஸ்வரியின் ரவிக்கைக்குள் போகும் சங்கிலியில் விழுந்தது.

"அதக் கழட்டு. நம்ம சரக்கா உன் சரக்கான்னு பார்ப்போம்."

"மேடம், இது என் தாலி. கழட்ட மாட்டேன்."

இராஜம்மா வாதாடவில்லை. சங்கிலியைப் பிடித்து இழுத்தார். கயிறு கட்டிய கன்றுக்குட்டி மாதிரி லோகேஸ்வரியின் கழுத்து கவுன்டர் கண்ணாடிமேல் வந்து கிடந்தது. அப்படியே தாலியை உரைகல்லில் வைத்து அழுத்தி இழுத்தார். ஆசிட் ஒரு சொட்டு. மஞ்சள் கோடு நுரைத்துப் பச்சையாகிக் காணாமல் போனது.

இராஜம்மா சிரித்துவிட்டார். "இவ எங்க நம்ம தாலிய எடுக்கப் போறா? இவ கழுத்துலயே கவரிங்தான் ஆடுது!"

நாற்காலியில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவள் திருடி இல்லை என்பது அந்தச் சிரிப்பில்தான் நிரூபணமானது.

தன் தாலி கவரிங் என்பது லோகேஸ்வரிக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது. அதே அச்சில் ஒரு கவரிங்கை முன்னாலேயே செய்துவைத்து, அவள் கழற்றிவைத்துவிட்டுக் குளிக்கப் போன நேரத்தில் மாற்றி, அசலை அடகு வைத்தவன் கட்டிய புருஷன். பெயர் ஜீவன். துறைமுகத்தில் லோரி ஓட்டினான். அவள் கடையிலிருந்து நேராகப் பண்டமாரானுக்குப் போனாள். லோரிக்காரர்கள் தேத்தண்ணீர் குடிக்கிற ஒட்டுக்கடை வாசலில், அத்தனை பேர் பார்க்க, தாலியைக் கழற்றி அவன் லோரியின் கண்ணாடியில் மாட்டினாள். "நீ கட்டுனது. நீயே ஓட்டிக்கிட்டுப் போ" என்றாள். ஜீவன் விஷயம் அதோடு முடிந்தது. இப்போது ஜொகூர் பக்கம் இருப்பதாகக் கேள்வி.

காணாமல் போன தாலி அடுத்த வாரமே தட்டின் வெல்வெட் துணிக்கு அடியில் கிடைத்தது. இராஜம்மாவிடமிருந்து வந்தது ஒரே ஒரு சேதி: "வேலைக்கு வரச் சொல்லு." தப்பு நடந்துவிட்டது என்று ஒரு வார்த்தை இல்லை. லோகேஸ்வரி போகவில்லை.

புடுவில் தௌக்கே என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு சீன முதலாளியிடம் முலாம் பூசும் வேலைக்குச் சேர்ந்தாள். தொட்டி கழுவுவதில் தொடங்கி எல்லாம் கற்றுக்கொண்டு, பிறகு பிரிக்ஃபீல்ட்ஸில் சொந்தமாகப் பட்டறை போட்டாள். மெஷின் எதுவும் வாங்குவதற்கு முன்னால் அவள் வாங்கிய முதல் பொருள் ஒரு உரைகல். முலாம் பட்டறைக்கு உரைகல் எதற்கு என்று தௌக்கே கேட்டார். "ஒரு ஆள் வருவாங்க" என்றாள்.

வருடங்கள் போயின. அந்த ஆள் வரவில்லை. மற்ற எல்லோரும் வந்தார்கள்.

நகையைக் கையில் கொடுத்ததும் லோகேஸ்வரி முதலில் பார்ப்பது போடப்போகிறவரைத்தான். காஜாங்கிலிருந்து ஒரு நர்ஸ் வந்து, மோதிரத்துக்குப் பளபளப்பில்லாத மேட் ஃபினிஷ் வேண்டும் என்றாள். "கையக் காட்டு. சோப்புல ஊறி ஊறி எப்படி இருக்கு பாரு. மேட் போட்டா கொஞ்ச நாள்ல அங்கங்க மட்டும் பளபளன்னு ஆகும், சொறி புடிச்ச நாய் மாதிரி. முழுசா மெருகு ஏத்திக்கோ. கீறல் விழும், ஆனா எல்லாக் கீறலும் சேர்ந்து ஒரே மாதிரி தெரியும்." வெள்ளைத் தங்கம் கேட்டு வருகிறவர்களிடம் ஒளிக்க மாட்டாள். "உள்ள மங்கலாத்தான் இருக்கும். வெள்ளை மேல பூசுறது. தேஞ்சா திரும்ப எங்கிட்டதான் வரணும், ஓக்கேவா?" மலாய்க்காரர் கல்யாணத்துக்குச் செம்பு கலந்த தங்கமான சுவாசா நிறம் கேட்டால், செம்பு தூக்கலாக வேண்டுமா, ரோஜா மாதிரி போதுமா என்று மணப்பெண்ணின் மணிக்கட்டைப் பார்த்துத்தான் சொல்வாள். எது எங்கே எப்போது உரியும் என்பதை முன்னாலேயே சொல்லிவிடுவாள். அவளுடைய பெயர் அதனால்தான் நின்றது. உள்ளே ஒன்று வெளியே ஒன்று என்று கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊர் முன்னால் நின்றவள் அவள். இன்னொரு பெண்ணுக்கு அது தெரியாமல் நடக்க விடமாட்டாள்.

இராஜம்மா முதலில் அசைந்து கொடுக்கவில்லை. "அவ இல்லன்னா மலேசியாவுல முலாம் பூச ஆளா இல்ல?" என்றாராம். ஆள் இருந்தார்கள். பூச்சோங்கில் ஒருவரிடம் கொடுத்தார்கள். பிளாட்டினம் மேலே வருவதை லேசில் பிடித்துக்கொள்ளாது. அதற்கென்று தனிப் பக்குவம் உண்டு, அது அந்த ஆளுக்குத் தெரியாது. தாலி மஞ்சளாகத்தான் திரும்பி வந்தது. இராஜம்மா நகத்தால் சுரண்டிப் பார்த்தார். வெயிலில் சுட்ட தோல் மாதிரி உரிந்தது. போதாக்குறைக்கு, நகைக்கடை வீட்டுத் தாலிக்கு முலாமாம் என்று அந்த ஆள் ரெண்டு பேரிடம் சொல்லியும் விட்டான்.

கல்யாணம் நெருங்கிவிட்டது. மண்டபம் பேசியாயிற்று, பத்திரிகை கொடுத்தாயிற்று. லோகேஸ்வரி வாய் திறக்காதவள் என்று தொழிலில் எல்லோருக்கும் தெரியும். கமலநாதன் போன் பண்ணினார்.

"மேடம் வராங்க. கொஞ்சம் பார்த்து நடந்துக்க லா."

"அவங்க அன்னிக்குப் பார்த்து நடந்துகிட்ட மாதிரியே நடந்துக்கறேன் அண்ணே."

மதியம் மூவரும் வந்தார்கள். இராஜம்மா பட்டுச் சேலையில் வந்திருந்தார். படி ஏறிய களைப்பை மறைத்துக்கொண்டு சிரித்தார். பின்னால் யுகேந்திரன். அவனோடு மணப்பெண் ஷாமினி, பூச்சோங்கில் பல் டாக்டர். ஆளைப் பார்த்ததுமே லோகேஸ்வரிக்குப் பிடித்துப்போனது. நாற்காலியைத் தானே இழுத்துப் போட்டு உட்கார்ந்த பெண்.

"லோகா! எப்படி இருக்க? நல்லா வந்துட்டியே!"

"லோகேஸ்வரி. முழுப் பேரு அதுதான் மேடம்."

பட்டறையில் வேலை செய்யும் பெண் தாமரை மெருகு மெஷினை நிறுத்தினாள். தொட்டிக்குப் பக்கத்தில் நின்ற குமுதாவும் கையுறையைக் கழற்றினாள். குமுதா ஒரு காலத்தில் அதே கிள்ளான் கடையில் கொண்டையை அவிழ்த்து உதறியவள்தான். இரண்டு பேரையும் லோகேஸ்வரி உள்ளே போகச் சொல்லவில்லை.

"உங்க மருமகளுக்கு விஷயம் தெரியுமா?"

"எந்த விஷயம்?" என்றாள் ஷாமினி.

லோகேஸ்வரி சொன்னாள். சனிக்கிழமை, ஷட்டர், சங்கிலி, ஆசிட், சிரிப்பு. கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சொல்லி முடித்தபோது யுகேந்திரன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"நெஜமாவா மாமி?"

"வியாபாரம்னா நாலும் நடக்கும்மா. அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"அக்கா, அம்மாவுக்காக நான் சாரி கேட்டுக்கறேன்" என்றான் யுகேந்திரன்.

"நீ எதுக்குத் தம்பி? உன் கழுத்துல தாலி இல்லையே."

இராஜம்மாவின் முகம் கறுத்தது. கைப்பையைத் திறந்தார், மூடினார். வாசலைப் பார்த்தார். வாசல் திறந்துதான் இருந்தது. போயிருக்கலாம். போனால் வெள்ளைத் தாலி. மணவறையைச் சுற்றி நிற்கும் அத்தனை சொந்தக்காரர்களின் வாய். அவர் பின்கழுத்துக்குக் கையைக் கொண்டுபோய்ச் சங்கிலிக் கொக்கியைத் தேடினார்.

"கழட்டித் தரேன். உரசிக்க."

"வேணாம் மேடம். கழுத்துலயே இருக்கட்டும். குனிங்க."

வேலை மேசை கவுன்டர் மாதிரி உயரம் இல்லை. இடுப்பு மடங்கினால்தான் கழுத்து கல்லுக்கு எட்டும். இராஜம்மா ஒரு கையை மேசையில் ஊன்றிக் குனிந்தார். பட்டுச் சேலை முந்தானை நழுவி மெருகுத் தூளில் விழுந்தது. யாரும் எடுத்துவிடவில்லை. லோகேஸ்வரி தாலியைப் பிடித்தாள். ஒரே இழுப்பில் முடிகிற வேலை. அவள் மெதுவாக இழுத்தாள். பிறகு திருப்பி, பின்பக்கத்தையும் இழுத்தாள். கல்லில் இரண்டு கோடு. ஆசிட் சொட்டு விழுந்தது.

இத்தனை வருடமும் அவள் பார்க்க விரும்பியது அந்தக் கோடு நுரைப்பதைத்தான். ஒரு ஓரமாவது பச்சையாக வேண்டும். அவள் காத்திருந்தாள். இராஜம்மாவின் மூச்சு கல்மேல் பட்டது. கோடு நகரவில்லை. மஞ்சளாக, திமிராக, அப்படியே இருந்தது.

"போதுமா?" குனிந்தபடியே கேட்டார் இராஜம்மா.

"இருங்க. நல்லா காயட்டும்."

காய வேண்டிய அவசியம் எதுவும் இல்லை. அது குமுதாவுக்கும் தெரியும், தாமரைக்கும் தெரியும். மூன்று பெண்களும் அந்தக் குனிந்த கழுத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். சங்கிலி பதிந்த இடம் சிவந்திருந்தது.

"அசல்தான் மேடம். நிமிருங்க" என்றாள் லோகேஸ்வரி, கடைசி மூலை வரை கேட்கும்படி. "உங்கள யாரும் திருடின்னு சொல்ல மாட்டாங்க."

இராஜம்மா நிமிர்ந்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, துடைத்தால் அழுதது தெரிந்துவிடும்.

லோகேஸ்வரிக்கு வயிறு நிறையவில்லை. கழுத்து குனிந்தது, சரி. ஆனால் கல் இராஜம்மா பக்கம் சாய்ந்துவிட்டது. அசல் தங்கக்காரி அசல் தங்கத்தோடு படியிறங்கிப் போகப் போகிறாள். இது பாதிப் பழி.

"இப்ப வேலையப் பேசுவோம்" என்றாள். "பூச்சு எவ்வளவு வேணும்?"

"கனமாப் போடு" என்றார் இராஜம்மா உடனே. வேலை என்றதும் முதலாளியம்மா குரல் திரும்பி வந்துவிட்டது. "ஒரு வருஷமாவது தாங்கணும். மறுவீடு இருக்கு, விருந்து இருக்கு, தீபாவளி இருக்கு. பண்டமாரான் சொந்தக்காரங்க கண்ணு எல்லாம் கழுத்துலதான் இருக்கும்."

லோகேஸ்வரி ஷாமினியைப் பார்த்தாள்.

"யாரு கழுத்துல போடப்போறது?"

"நான்தான்."

"அப்ப நீ சொல்லு. ரெண்டு விதமா போடலாம். கனமா ஏத்துனா நாள்பட நிக்கும், ஆனா இந்தத் தாலி வெள்ளைங்கறதே உனக்கு மறந்துபோகும். மெலிசா ஏத்துனா கல்யாணத்தன்னிக்கு தகதகன்னு இருக்கும். அப்புறம் போயிடும். மொதல்ல ஓரம் வெளுக்கும். அடுத்து, தோல்ல உரசுற பின்பக்கம். கடைசியா முன்னால, திட்டுத் திட்டா."

"சீக்கிரமே போயிடுமா?"

"உனக்கு வேர்வை எப்படி?"

"கிளினிக்ல மாஸ்க், கவுன் எல்லாம் போட்டுகிட்டு… நல்லாவே வேர்க்கும்."

"அப்ப சீக்கிரமே."

"மெலிசா போடுங்க" என்றாள் ஷாமினி. "எனக்கு வேண்டியது உள்ள இருக்கறதுதான். மேல இருக்கறது இவங்களுக்காக. தாலி கட்டுற அன்னிக்கு இருந்தா போதும்."

"ஷாமினி!" என்றார் இராஜம்மா. "திட்டுத் திட்டா வெளுத்தா பாக்கறவங்க என்னம்மா நெனைப்பாங்க?"

"கேட்டா சொல்லிக்கலாம் மாமி."

"யுகேன், நீ சொல்லுடா!"

யுகேந்திரன் அம்மாவையும் பார்த்தான், பெண்ணையும் பார்த்தான். கல்லில் காய்ந்துபோன இரண்டு கோடுகளையும் பார்த்தான். "அவ கழுத்துமா" என்றான்.

லோகேஸ்வரி கையுறையை மாட்டினாள். இராஜம்மா அவளை நெருங்கி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "அந்தப் பொண்ணுக்குத் தெரியவா போகுது. நீ கனமாவே போட்டுரு. உன்னக் கேட்டுக்கறேன், லோகேஸ்வரி."

முழுப் பெயர் சரியாக வந்தது.

"கழுத்துல போடுறவங்களுக்குத் தெரியாம நான் எதையும் மாத்த மாட்டேன் மேடம்" என்றாள் லோகேஸ்வரி. இதை மட்டும் அவள் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை.

பூச்சு அருமையாக வந்தது. லோகேஸ்வரி அந்த வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. மெலிசு என்றால் மெலிசு, ஆனால் ஓர் இடத்திலும் உரியாது, தேயத்தான் செய்யும். கல்யாணத்தில் தாலி விளக்கு வெளிச்சத்தில் மின்னியதாம். பெரியவர்கள் தொட்டுக் கும்பிட்டு வாழ்த்தினார்களாம். பத்திரிகை லோகேஸ்வரிக்கும் வந்திருந்தது. அவள் போகவில்லை. அவள் எதிர்பார்த்துக்கொண்டிருந்த விசேஷம் அது இல்லை.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, பண்டமாரான் விருந்துக்கு மறுநாள் கமலநாதன் போன் பண்ணினார். விருந்துக்கு அவரும் போயிருந்தார். பேசலாமா வேண்டாமா என்று இழுத்தார்.

"சொல்லுங்க அண்ணே."

"பந்தியில உக்காந்திருந்தோம். மேடத்தோட பெரியம்மா, அந்தக் கெழவி, மருமகப்பொண்ணுக்கு எதுத்தாப்புல உக்காந்திருந்துச்சு. கெழவிக்குச் சாம்பார் ஊத்த அந்தப் பொண்ணு குனிஞ்சிச்சு, தாலி வெளிய வந்து விழுந்திருச்சு. ஓரமெல்லாம் வெள்ளை. பின்பக்கம் முழுசாவே வெள்ளை. கெழவி கையில புடிச்சுத் திருப்பிப் பார்த்துச்சு."

"என்ன சொல்லுச்சு?"

"'என்னடி இது, நகைக்கடை வச்சிருக்கறவ மருமகளுக்கு முலாம் பூசுன தாலியா கட்டியிருக்கா?'ன்னு கேட்டுச்சு. பந்தியே திரும்பிப் பார்த்துச்சு லா."

"மெதுவாக் கேட்டுச்சா, சத்தமாவா?"

"அதுக்குக் காது கேக்காது. அது எப்பவும் சத்தம்தான்."

"அந்தப் பொண்ணு?"

"அது கூலா சொல்லுது, 'ஆமா பாட்டி, பூசுனதுதான். மாமிதான் பூசச் சொன்னாங்க'ன்னு. உள்ள பிளாட்டினம்னு தம்பி என்னமோ விளக்கம் சொல்லப் பார்த்தாரு. யாரு கேக்கறா? ஒரு பக்கம் சிரிப்பு ஆரம்பிச்சிருச்சு."

"மேடம்?"

"சோத்தப் பெசஞ்சுகிட்டே இருந்தாங்க."

"சாப்பிட்டாங்களா?"

"இல்ல. எலைய மூடிட்டு எந்திரிச்சிட்டாங்க."

லோகேஸ்வரி தொட்டியின் சூட்டைக் குறைத்தாள். தாமரையைப் பார்த்து மெஷினை நிறுத்தச் சொல்லிக் கை காட்டினாள். குமுதாவைப் பக்கத்தில் கூப்பிட்டாள். போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"அண்ணே, இன்னொரு தடவை சொல்லுங்க. சாம்பார்லேருந்து."